பல் தெரிந்தால் சந்தோஷம்

சோகத்தை முடித்தாகிவிட்டது. ஷீபா மிஸ் அந்தப் படங்களையெல்லாம் மேசையில் தட்டிச் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு டப்பாவுக்குள் வைத்துவிட்டாள், இனி அடுத்த வாரம்தான் வெளியே எடுப்பாள், சோகத்துக்கு ரப்பர் பேண்டு போட முடிகிற ஒரே இடம் இந்தக் கோயம்புத்தூரில் இந்தப் பயிற்சி மையமாகத்தான் இருக்கும். நான் மூலையில் குழந்தைகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். ஏசி குளிர்கிறது, அணைக்கச் சொல்லலாம், சொல்ல மாட்டேன். தரையில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டிலிருந்து செருப்புக்கடை வாசம் வருகிறது. எனக்கு முதுகைக் காட்டியபடி என் மகள் வர்ஷிகா, ஏழு வயது, நான் காலையில் போட்டுவிட்ட இரட்டைப் பின்னலில் ஒன்று அதற்குள் அவிழ்ந்து தொங்குகிறது. அவளுக்கு முன்னால் மேசையில் நான்கு தட்டுகள். மஞ்சள் தட்டு சந்தோஷம், நீலம் சோகம், சிவப்பு கோபம், ஊதா பயம். ஒரு முகத்தின் படத்தைக் காட்டுவார்கள், அந்த முகத்தில் இருப்பது என்னவென்று அவள் வாயால் சொல்லி அதற்குரிய தட்டில் போட வேண்டும், சரியாகப் போட்டால் ஒரு உலர் திராட்சை. பேச்சு வருவதே பெரும்பாடாக இருந்த பிள்ளை இப்போது சொல்கிறாள். சோகத்தில் எல்லாவற்றையும் சரியாகப் போட்டாள். கண்ணில் தண்ணீர் இருந்தால் சோகம், புருவம் கீழே இறங்கினால் கோபம், கண் அகலமாக இருந்தால் பயம், பல் தெரிந்தால் சந்தோஷம், இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் ஷீபா மிஸ், வாய்பாடு போல. வாய்பாடு என்றால் வர்ஷிக்குப் பிடிக்கும், எண்கள் ஏமாற்றுவதில்லை. கூரை மூலையில் கேமரா, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, சிவப்புப் புள்ளியுடன். அதன் மறுமுனை வெளியே கூடத்தில் இருக்கும் டிவி. டிவிக்கு முன்னால் என் கணவர்.

ஜெகதீசன் இன்றைக்குத்தான் முதல் முறையாக இங்கே வந்திருக்கிறார். இத்தனை மாதமும் நானும் பாப்பாவும் பஸ்ஸில் வருவோம், போவோம். இன்றைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில், நேர்முகத் தேர்வுக்கு ஆள் எடுக்க வந்தவர் போல வந்து உட்கார்ந்திருக்கிறார். பம்பு செட் கம்பெனியில் விற்பனைப் பிரிவுக்கு மேலாளர், ஆட்களை எடைபோடுவதுதான் அவர் வேலை, அவரே அடிக்கடி சொல்வார், கஸ்டமர் கடைக்குள் நுழையும்போதே முகத்தைப் பார்த்து அவன் வாங்குவானா மாட்டானா என்று சொல்லிவிடுவாராம். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு மகள். திங்கட்கிழமை வர்ஷிக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் நேர்காணல். பழைய பள்ளியில் ஒரு குழந்தை படிக்கட்டில் விழுந்து மோவாய் கிழிந்து ரத்தம் வந்தபோது இவள் சிரித்துவிட்டாள். கைதட்டிச் சிரித்தாள். அந்தப் பிள்ளை விழுந்த விதம், புத்தகப் பை முதலில் உருண்டு, பிறகு தண்ணீர் பாட்டில் உருண்டு, பிறகு பிள்ளை உருண்டு, ஒரே வரிசையாக வந்தது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும், வரிசையாக எது வந்தாலும் அவள் சிரிப்பாள். அதை யாரிடம் சொல்ல. அடிபட்ட பிள்ளையின் அம்மா என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி இரக்கமே இல்லாத பிள்ளையைப் பெற்றிருக்கிறாய் என்றாள். தலைமையாசிரியை வேறு மாதிரி, மிருதுவாக, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் உதட்டில் ஒரு புன்னகை இருந்தது. இரக்கம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். புதுப் பள்ளியில் இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் முதலில் படங்களைக் காட்டி இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பார்களாம். சொன்னால் எடுப்பார்கள். சொல்லாவிட்டால் கோத்தகிரி. கோத்தகிரியில் பிள்ளைகள் அங்கேயே தங்கும் ஒரு இடம் இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களாம், மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கலாமாம், அவர் போனிலேயே எல்லாம் பேசி முடித்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார், ரசத்துக்கு முன்னால், தட்டைப் பார்த்துக்கொண்டே. நான் என்ன சொன்னேன்? ரசம் ஊற்றினேன். என் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும், எந்தத் தட்டில் போட்டிருப்பார்கள் அதை.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே, இது என் அம்மா. மூஞ்சியில் ஒரு களையே இல்லையே, இது மாமியார். என் முகம் சும்மா இருக்கும்போதே யாரையோ குற்றம் சொல்வதுபோல இருக்கிறதாம், சும்மா இருக்க விட்டதே இல்லை அதை. பெண் பார்க்க இவர்கள் பொள்ளாச்சிக்கு வந்த அன்றைக்கு, பின்கட்டில் அம்மா என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, சிரித்த மாதிரியும் இருக்க வேண்டும், பல்லைக் காட்டவும் கூடாது என்றாள், அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க நான் காபித் தட்டை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன், காபி ஆறிப்போனது. அப்பா இறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வராது என்றில்லை, வரவில்லை, உள்ளே எங்கோ வழி அடைத்துக்கொண்டது, நடுக்கூடத்தில் அவரைக் கிடத்தியிருக்க நான் அவர் கால் நகங்கள் வெட்டாமல் கிடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன், யார் வெட்டிவிடுவார்கள் இனிமேல் என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா வீட்டு அக்கா வந்து இடுப்பில் கிள்ளினாள், ஊரே பாக்குது அழுடி என்றாள். கிள்ளியது வலித்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல மகள் என்று பேர் வாங்கினேன். கண்ணில் தண்ணீர் இருந்தால் சோகம். ஷீபா மிஸ் சொல்லும் வாய்பாடு புதிதொன்றும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம் அது. கல்யாணத்துக்குப் பிறகுதான் பாடம் கடினமானது. மாமியார் என் முகத்தைப் படிப்பார், படித்ததை மகனிடம் ஒப்பிப்பார், அவர் என்னிடம் கேட்பார், என்ன, உனக்கு இங்கே என்ன குறை. ஒன்றும் இல்லை என்பேன். இல்லை என்று சொல்லும்போது முகம் இல்லை என்று சொல்கிறதா என்று பார்ப்பார். அடித்ததில்லை அவர், அதை மட்டும் சொல்லிவிட வேண்டும், ஒரு நாளும் கை நீட்டியதில்லை, அதைத்தான் எல்லோரும் கேட்பார்கள், அடிக்கிறாரா, இல்லை, அப்புறம் என்ன. அப்புறம் என்னவென்று சொல்ல வார்த்தை இல்லாததால்தான் நான் ரசம் ஊற்றுகிறேன்.

வர்ஷிக்கு மூன்று வயது முடிந்தபோது டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார், குழந்தைக்கு மற்றவர்களின் முகத்தைப் பார்த்து மனதைப் புரிந்துகொள்வது சிரமமாக இருக்கும், பழக்கினால் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாமியார் அன்று இரவு சாப்பிடவில்லை. நான் மட்டும், இதை யாரிடமும் சொன்னதில்லை, நான் மட்டும் உள்ளுக்குள் எதையோ இறக்கிவைத்த மாதிரி உணர்ந்தேன். இந்த வீட்டில் என் முகத்தைப் படிக்காத ஒரு ஆள் வந்துவிட்டது. மத்தியானங்களில் மாமியார் தூங்கிய பிறகு சமையலறைத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவள் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள், நீலம் நீலம் வெள்ளை, நீலம் நீலம் வெள்ளை. நான் முகத்தைக் கழற்றி வைத்துவிடுவேன். அப்படித்தான் இருக்கும், தாடை தளர்ந்து, கன்னம் தொங்கி, சில நாள் அழுகை வரும், மூக்கு ஒழுகும், சத்தமில்லாமல் வாயைத் திறந்து கத்துவதுபோல வைத்துக்கொள்வேன், அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். நீலம் நீலம் வெள்ளை. அதைப்போல ஒரு ஓய்வு எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. அவள் பார்க்கவில்லை, தெரியாது, தெரிந்தால்தானே சுமை. மற்ற அம்மாக்கள் இந்த மையத்தின் கூடத்தில் உட்கார்ந்து, என் பிள்ளை என் கண்ணைப் பார்த்து ஒரு தடவை சிரித்தால் போதும் என்று அழும்போது நானும் தலையாட்டுவேன். எனக்கும் அந்த ஆசை உண்டு, இல்லாமல் இல்லை, அவள் கண் என் கண்ணில் ஒரு நிமிடம் நிற்காதா என்று எத்தனை நாள். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது, பார்க்காமலே இரு தங்கம், பார்க்காமலே இரு.

இப்போது சந்தோஷம். ஷீபா மிஸ் புதுக் கட்டைப் பிரிக்கிறாள். முதலில் அச்சடித்த படங்கள், யாரோ வெள்ளைக்காரக் குழந்தை ஐஸ்கிரீமோடு, யாரோ தாத்தா. சந்தோஷம், மஞ்சள், திராட்சை. சந்தோஷம், மஞ்சள், திராட்சை. அவள் மென்றுகொண்டே அடுத்த படத்துக்குக் கை நீட்டுகிறாள், குரலில் வேலையில் இறங்கிய ஆளின் கறார். வெளியே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், பரவாயில்லையே என்று பக்கத்து ஆளிடம் சொல்லியிருப்பார். கடவுளே, இப்படியே போகட்டும். இனி வீட்டு ஆட்களின் படங்கள். தெரிந்த முகத்தில் சொல்லத் தெரிந்தால்தான் தெரியாத முகத்தில் நிற்கும் என்று மிஸ் போன வாரம் கேட்டு அனுப்பியிருந்தாள். அவர் தன்னுடையதைத் தானே தேர்ந்தெடுத்தார், கம்பெனியில் கேடயம் வாங்கியபோது எடுத்தது. அப்பா, சந்தோஷம், மஞ்சள். என்னுடையதையும் அவரே தேர்ந்தெடுத்தார். இதுல நல்லா சிரிச்சிருக்க பாரு என்று போனை என் பக்கம் திருப்பினார். வால்பாறை போகும் வழியில் எடுத்தது. அவர் போனில் முகப்புப் படமே அதுதான், ஒரு வருஷமாக ஒவ்வொரு முறை அவருக்கு அழைப்பு வரும்போதும் அதற்குள்ளிருந்து நான் சிரிக்கிறேன்.

அதை ஷீபா மிஸ் எடுத்துவிட்டாள், வழவழவென்று பெரிதாகப் பிரிண்டு போட்டது. பச்சைச் சேலை, பின்னால் கம்பித் தடுப்பு, அதற்கும் பின்னால் கீழே ஆழியாறு அணை தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. அன்றைக்குக் காலையில் ஆழியாறில் ஓட்டலில் சாப்பிடும்போது வர்ஷி பக்கத்து மேசைக்காரரின் தட்டிலிருந்து வடையை எடுத்துவிட்டாள். அந்த மனிதர் சிரித்தார், இன்னொன்று வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்புதான் இவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து காசைக் கொடுத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். அவருக்குக் கோபம் வந்தால் பேச மாட்டார், வண்டி ஓட்டுவார். அந்த மலைப்பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள், ஒன்று முடிவதற்குள் அடுத்தது, அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை, எதிரில் பஸ் வருகிறதா என்று பார்க்கவில்லை, ஒரு வளைவில் முன்சக்கரம் தார் ரோட்டை விட்டு இறங்கி ஜல்லியில் சரசரவென்று இழுத்தது, ஜன்னல் வழியாக எனக்குத் தரை தெரியவில்லை, மரங்களின் உச்சிதான் தெரிந்தது. மெதுவாகப் போங்க என்று சொன்னால் இன்னும் வேகமாகப் போவார், அது தெரியும், அதனால் சொல்லவில்லை. அழுதால் இன்னும். அதனால் அழவில்லை. சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன், அந்த மலையில் எங்கள் மூன்று பேரின் உயிரும் என் முகத்தில் இருந்த மாதிரி. பிறகு கம்பித் தடுப்பு இருந்த ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார், இறங்கினார், கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்தார், காற்று நன்றாக இருக்கிறது என்றார். கோபம் போய்விட்டது, மழை விட்ட மாதிரி. போனை எடுத்து என்னைக் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, சிரி என்றார். சிரித்தேன். பின்னால் கம்பியைப் பிடித்திருந்த கையைச் சேலை மறைத்தது.

"வர்ஷி, இது யாரு?"

"அம்மா."

"வெரி குட். அம்மா எப்படி இருக்காங்க?"

"பயம்."

கேட்கவில்லை எனக்கு, முதலில் கேட்கவே இல்லை, கேட்டது தாமதமாக வந்து காதில் விழுந்தது. ஷீபா மிஸ் சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்கிறாள். இங்க பாரு கண்ணு, அவசரப்படாத, வாயப் பாரு. பல் தெரியுதா? தெரியுது. பல் தெரிஞ்சா என்ன? சந்தோஷம், என்கிறாள் வர்ஷி, வாய்பாடு அவளுக்குத் தெரியும், மறக்கவில்லை. அப்ப அம்மா?

"பயம்."

ஊதாத் தட்டில் வைக்கிறாள். மூலை கோணாமல் நேராக, தட்டின் நடுவில் பொருந்தும்படி. வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிறாள். அது எனக்குத் தெரியும். வண்டியின் பின்சீட்டில், என்ஜின் அலறிக்கொண்டு ஏறும்போது, திரும்பிப் பார்க்க நான் துணியாதபோது, கண்ணாடியில் ஒரு கணம் பார்த்தேன், இப்படித்தான் இருந்தாள், காதைப் பொத்திக்கொண்டு, என் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு. கழுத்தைப் பார்த்தே தெரிந்திருக்கிறது. அப்படியானால் எல்லாம் தெரிந்திருக்கிறது. சமையலறைத் தரை, மூக்கு ஒழுக நான் உட்கார்ந்திருந்த மத்தியானங்கள், நீலம் நீலம் வெள்ளை, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கி எங்கோ அடுக்கி வைத்திருக்கிறாள். நான் அவளுக்குப் பக்கத்தில் ஓய்வெடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையின் தலையில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். முகம் படிக்கத் தெரியாத பிள்ளை என்று சொன்ன டாக்டர், அதற்காக எழுந்து போன அவள் அப்பா, இரக்கமில்லை என்று விரல் நீட்டிய அந்தப் பொம்பளை, ஒரு வருஷமாக அந்தப் படத்தை ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்து நல்லா சிரிச்சிருக்க என்று சொன்ன மனிதர், கஸ்டமர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர், இத்தனை பேரில் இவள் ஒருத்திக்குத்தான். சிரிப்பு வருகிறது எனக்கு, உதட்டைக் கடித்துக்கொள்கிறேன், கேமராவின் சிவப்புப் புள்ளி என் பக்கம்தான் பார்க்கிறது. அவர் என்ன செய்துகொண்டிருப்பார் வெளியே. நாற்காலியின் நுனிக்கு வந்திருப்பார். பெற்ற தாயின் சிரிப்பையே பயம் என்கிறாள், இவளை எங்கே சேர்ப்பது என்று நினைப்பார். அல்லது, அதைவிட மோசமாக, ஏன் பயம் என்று யோசிப்பார். யோசித்தால் பேச மாட்டார். வீட்டுக்குப் போக அவர் வண்டியில், லாரிகள் பறக்கும் அவினாசி ரோட்டில்தான் போக வேண்டும்.

ஷீபா மிஸ் படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள். இவ்வளவு நேரம் பார்க்காத மாதிரி பார்க்கிறாள். பிறகு காதைப் பொத்தியிருக்கும் வர்ஷியை, பிறகு என்னை. சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகவில்லை, ஆனால் அவள் கண்ணில் ஏதோ ஒன்று வந்து உட்கார்வதை நான் பார்த்தேன், எனக்குப் படிக்கத் தெரியாதா என்ன. எழுந்து மூலைக்கு வந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிகிறாள். எப்போதும் என்னை வர்ஷி அம்மா என்று கூப்பிடுகிறவள்.

"இந்தப் படம் வேண்டாம்க்கா," என்று மெதுவாகச் சொன்னாள். "அவ சொன்னதையே விட்டுடலாம். தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். தலையை ஆட்டினால் போதும். படத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வேறு எதையாவது கொடுத்துவிட்டு, என் மகள் சொன்னது சொன்னபடி இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். இந்த உலகத்தில் முதல் தடவையாக ஒருத்தி என் முகத்தைப் பார்த்துச் சரியாகச் சொல்லியிருக்கிறாள், இன்னொருத்தி தப்பென்று சொல்ல மாட்டேன் என்கிறாள், நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பது. ஆனால் திங்கட்கிழமை. அந்தப் பள்ளிக்கூடத்து மேசையில் யாரோ ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வேலை முடிந்து எப்போது வீட்டுக்குப் போவோம் என்று உள்ளே வெந்துகொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, நான் எப்படி இருக்கேன் சொல்லு பாப்பா என்பாள். இவள் உண்மையைச் சொல்வாள். சொன்னால் கோத்தகிரி. பனியில், யாரோ ஒருத்தி தலை சீவிவிட, மாதத்துக்கு ஒரு நாள். உண்மை தெரிந்த பிள்ளையைத்தான் அவர்கள் மலைமேல் கொண்டுபோய் வைப்பார்கள். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்கிறவர்கள் கீழே இருக்கலாம், என் பக்கத்தில் இருக்கலாம். வாய் தானாகத் திறந்தது, சத்தமாகவே, வெளியே கூடம் வரைக்கும் கேட்கும்படி.

"இல்ல மிஸ். அவ தப்பாச் சொல்றா. நானே சொல்லிக் குடுக்கறேன்."

ஷீபா மிஸ் என்னைப் பார்த்தாள். விலகி வழிவிட்டாள். நான் ரப்பர் மேட்டில் சம்மணம் போட்டு வர்ஷிக்கு எதிரே உட்கார்ந்தேன், முழங்கால் சொடக்கு விட்டது. அவள் கைகளைக் காதிலிருந்து எடுத்தேன், குளிர்ந்திருந்தன. படத்தை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அதில் இருக்கிற அதே சிரிப்பைச் சிரித்தேன். கஷ்டமே இல்லை, எங்கே எந்தச் சதையை இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்க பாரு தங்கம், அம்மா சந்தோஷம், சொல்லு, அம்மா சந்தோஷம். அவள் நிமிர்ந்தாள். என் வாயைப் பார்த்தாள். பிறகு மேலே வந்து என் கண்ணைப் பார்த்தாள், நழுவவில்லை, நின்றது, இத்தனை வருஷம் நான் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பார்வை, கருமணிக்குள் நான் சின்னதாகத் தெரியும் அளவுக்குக் கிட்டத்தில். நான் சிரிப்பை விடவில்லை. கன்னம் வலித்தது. அவள் கை ஊதாத் தட்டின் பக்கம் போனது, நான் மணிக்கட்டைப் பிடித்து மஞ்சளுக்கு நகர்த்தினேன், மெதுவாகத்தான், ஆனால் நகர்த்தினேன். இன்னொரு முறை பார்த்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்வது அந்தக் கண்ணில் தெரிந்தது, அது என்னவென்று எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில் காபித் தட்டோடு நின்று கண்டுபிடித்ததுதான்.

"அம்மா சந்தோஷம்," என்றாள்.

மஞ்சள் தட்டில் வைத்தாள். வெளியே கூடத்தில் யாரோ கைதட்டினார்கள், அவர் கைதட்டல்தான், கம்பெனிக் கூட்டத்தில் தட்டுவதுபோல அகலமாக. ஷீபா மிஸ் தட்டவில்லை. கிண்ணத்தை வர்ஷியின் பக்கம் நகர்த்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வர்ஷி ஒரு திராட்சையை எடுத்தாள், விரலில் உருட்டிப் பார்த்தாள், தின்னவில்லை. சரியாகச் செய்தவர்களுக்கு என்பதுதானே இங்கே சட்டம். எட்டி வந்து அதை என் உதட்டில் வைத்து உள்ளே தள்ளினாள், நான் மென்று முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.